நீரில் இறங்க நேர்ந்தால்

எங்கள் கவுண்டரில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எடையைப் பார்ப்போம். பயணி தன் பையையும் தூக்கிக்கொண்டு தராசில் ஏற வேண்டும். பத்தொன்பதே இருக்கைகள் உள்ள விமானத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை அவரவர் கனம்தான் முடிவு செய்கிறது. தைவானின் தைதுங்கிலிருந்து லான்யூ தீவுக்கு இருபத்தைந்து நிமிடம், காற்று விட்டால்.

பதினோரு வருடமாக இந்தத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தீவுக்காரர்கள் என்னைத் தராசக்கா என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. எடை எழுதுவதோடு இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. பயணிகளை ஏற்றிவிட்டு விமானத்தின் பின்கதவுப் படியில் எடைத்தாளோடு நிற்பேன். இவ்வளவு சின்ன விமானத்தில் பணிப்பெண் கிடையாது. துணை விமானியே முன்னால் குனிந்து நின்று, பயணிகள் முகத்தைப் பார்த்துப் பாதுகாப்பு விளக்கத்தைச் சொல்வார். பெல்ட், அவசரக் கதவு, லைஃப் ஜாக்கெட். ஒன்றரை நிமிடம். அவர் முடித்ததும் எடைத்தாளின் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

ஓர் எட்டு மாதம் அந்தக் கட்டத்தில் நான் போட்ட டிக்குகளில் பாதி பொய். காரணம் மாரெங்.

தீவில் பிறந்தவர்களில் எங்கள் விமானத்தின் துணை விமானி இருக்கைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். முப்பத்தொரு வயது. தீவில் குழந்தை பிறந்தால் பெற்றவர்களின் பெயரே மாறிவிடும். அன்றிலிருந்து அவன் சியாமன் இன்னார், அதாவது இன்னாரின் தகப்பன். அவள் சினான் இன்னார். மாரெங் இன்னும் பிறந்த பெயரோடுதான் திரிகிறான். வயதான பெண்களுக்கு அவனைச் சீண்ட இது ஒன்றே போதும்.

சுற்றுலாப் பயணிகள் நிறைந்த விமானத்தில் விளக்கத்தை மணி மணியாகச் சொல்வான். தீவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் பெல்ட்டையும் கதவையும் சொல்லிவிட்டு, மஞ்சள் ஜாக்கெட்டை ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிடுவான். அவன் வேலைக்கு வந்த புதிதில் கேட்டேன்.

"என்னப்பா, ஜாக்கெட்டைத் துணிக்கடைக்காரன் மாதிரி காட்டிட்டு மடிச்சு வச்சிடுற?"

"வேற எப்படிக்கா சொல்றது? கடலைத் தாண்டறதுக்கு முன்னாடி, கடல்ல விழுந்தா என்ன செய்யணும்னு எங்க ஊர்ல எவனும் வாயைத் திறக்க மாட்டான். கேக்கறதுக்குன்னே சிலது சுத்திக்கிட்டு இருக்கும்."

அந்தச் சிலதுக்குத் தீவில் அனிதோ என்று பெயர். செத்தவர்களின் ஆவி. நல்ல எண்ணம் எதுவும் இல்லாதவை.

"மத்த பைலட்டுங்க எல்லாரும் சொல்றாங்களே. எங்கயும் ஒண்ணும் ஆகலயே."

"அவங்க வெளியாளுங்க. ரேடியோ பேசற மாதிரி, யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. நான் அப்படியா? எங்க மாமா படகுல எனக்கு ஒரு துடுப்பு இருக்கு."

அவன் சொன்னது பத்துப் பேர் வலிக்கும் பெரிய படகு. சொந்தத்துக்குள்தான் ஆள் சேர்ப்பார்கள். அதில் மூன்றாவது துடுப்பு அவனுடையது. வேலைக்கு வந்த பிறகு எல்லா நாளும் போக முடிவதில்லை. ஆனால் பறவைக் கோலா மீன் பருவம் தொடங்கும் நாளில், விடியலில் படகுகளைக் கரையில் வரிசையாக நிறுத்தி மீனைக் கூப்பிடும் நாளில், அவன் அங்கே இருந்தாக வேண்டும். அதற்கான விடுப்புச் சீட்டை ஜனவரியிலேயே என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவன் சொன்ன காரணத்தை நான் ஏற்றுக்கொண்டேனா என்று கேட்டால், இல்லை. அவன்மேல் எனக்குப் பிரியம் இருந்தது, காலையில் நேரம் இருக்கவில்லை, அவ்வளவுதான். டிக் போட்டேன்.

பிப்ரவரியில் தைபேயிலிருந்து வந்த ஒரு தம்பதி புகார் எழுதினார்கள். 'துணை விமானி உயிர்காப்பு உடையைக் காட்டினார். அதை எப்படிப் போடுவது என்று சொல்லவில்லை. கேட்டதற்குச் சிரித்தார்.' அன்றைய விமானத்தில் வெளியூர்க்காரர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மார்ச் முதல் வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கேப்டன் சுவாங் வந்தார். மாரெங்கோடு ஒரு நாள் பறந்து பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. விளக்கத்தில் ஒரு வரி விட்டாலும் துணை விமானி இருக்கை போய்விடும் என்று முந்தின நாளே அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாள், மீனைக் கூப்பிடும் நாளுக்கு முதல் நாளாக அமைந்தது. நான்கு நாள் வடகிழக்குக் காற்றில் ஒரு விமானமும் போகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காற்று கொஞ்சம் இறங்கியது, பிற்பகலில் மறுபடி ஏறும் என்றார்கள். நான்கு நாளாகத் தைதுங்கில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஏழு மணிக்கே கூடத்தில் நின்றார்கள்.

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாரெங் வந்து பின்பக்கம் கூப்பிட்டான். கையில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். பச்சைப் பாக்கு, சுண்ணாம்பு தடவிச் சுருட்டிய வெற்றிலை, ஏறக்குறைய இருபது. நான்கு நாளில் வெற்றிலை கறுத்துப் போயிருந்தது.

"இது எங்க இருந்துச்சு தெரியுமா?"

"எங்க?"

"ஐஞ்சாவது வரிசை, சன்னல் பக்கம். சீட்டுக்கு அடியில ஜாக்கெட் வைக்கிற பையில."

"அப்ப ஜாக்கெட்?"

"சீட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல சொருகிக் கிடந்துச்சு. கையை விட்டு இழுக்க வேண்டியதாப் போச்சு."

தினமும் காலையில் இருக்கைகளுக்கு அடியில் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் குனிந்து பார்ப்போம், பை உப்பலாக இருந்தால் உள்ளே ஜாக்கெட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அன்று பரிசோதனை நாள் என்பதால் மாரெங் ஒவ்வொரு பையிலும் கையை விட்டுப் பார்த்திருக்கிறான்.

யாருடைய பாக்கு என்று எங்கள் இருவருக்கும் கேட்காமலே தெரியும். சினான் யாபெத். மூட்டுக்கு ஊசி போட்டுக்கொள்ள இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவள். அறுபத்தாறு வயது. எப்போதும் அந்தச் சன்னல் இருக்கைதான் வேண்டும். விமானத்தில் வெற்றிலை போடக் கூடாது, கையில் பார்த்தால் நான் வாங்கி வைத்துவிடுவேன். அவளுக்கு ஒளிக்க ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. குனிந்தால் தோதாக ஒரு பை. உள்ளே ஏதோ மடித்த மஞ்சள் துணி, அதை எடுத்து ஓரமாகச் சொருகிவிட்டாள்.

"சிரிக்காதீங்கக்கா," என்றான். நான் சிரித்திருந்தேன். "அவங்களுக்கு அது என்ன பைன்னு யார் சொன்னா? நான்தானே சொல்லணும்? எட்டு மாசமா தூக்கித் தூக்கிக் காட்டினேன். அவங்க என்ன நினைச்சிருப்பாங்க, ஏதோ புதுச் சட்டை வாங்கியிருக்கான்னு நினைச்சிருப்பாங்க."

"உனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லியிருப்பாங்கல்ல."

"மாண்டரின்ல, மூச்சு விடாம. நீங்க பார்த்ததில்லையா? அந்த நேரத்துல அத்தை சன்னலைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும்தான் சன்னலைப் பார்ப்பார்கள். பொட்டலத்தை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். எத்தனை நாள் அந்த இருக்கை பாக்கோடு பறந்தது, அதில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. எல்லாத் தாளிலும் என் டிக் இருக்கிறது.

"இன்னிக்கு என்ன செய்யப் போற?"

"தெரியல. யாரெல்லாம் வர்றாங்க?"

பட்டியலைக் காட்டினேன். ஏழாவது பெயரில் அவன் விரல் நின்றது. சியாமன் கலிதொங். அவனுடைய தாய்மாமா. படகின் தலைவர்.

"மாமா இன்னும் ஊர் போகலயா?"

"கையில தையல் பிரிக்க வந்தார். காத்துல மாட்டிக்கிட்டார். நாளைக்கு விடிஞ்சா அவர் இல்லாம படகை இறக்க மாட்டாங்கன்னு நாலு நாளா என் உயிரை எடுக்கறார்."

"அவரை மதியம் விமானத்துல போடுங்கக்கா. அதுல லியோவ் தானே துணை."

"மதியம் போகுமான்னே தெரியாது. போனாலும் இடம் இல்ல. எல்லாச் சீட்டும் எழுதியாச்சு."

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டான். பிறகு விமானத்தை நோக்கி நடந்தான்.

எட்டு மணிக்கு எடை பார்க்கத் தொடங்கினோம். சினான் யாபெத் தராசில் ஏறும்போதே கையால் முள்ளை மறைத்தாள்.

"கையை எடு அத்தை."

"எதுக்கு ஊருக்கே காட்டறே?"

"எழுபத்தொண்ணு. போன தடவை அறுபத்தெட்டு."

"நாலு நாள் உங்க ஊர்ல அடைச்சு வச்சு சோறு போட்டீங்கல்ல, அந்தக் கனத்தை உன் கணக்குல எழுதிக்க. எனக்கு என் சன்னலைக் குடு."

"குடுத்தாச்சு. ஐஞ்சாவது வரிசை."

அவள் திருப்தியாக நகர்ந்தாள். சீட்டுக்கு அடியில் காத்திருக்கும் பொட்டலத்தை நினைத்துக்கொண்டாள் போலும். நான் அடுத்தவரைத் தராசுக்குக் கூப்பிட்டேன்.

சியாமன் கலிதொங் கடைசியில் வந்தார். பையோடு அறுபத்தெட்டு கிலோ. இடது உள்ளங்கையில் தையல் பிரித்த இடம் சிவப்பாக இருந்தது. ஒட்ட வெட்டிய நரை முடி. பேச்சு குறைவு.

"இன்னிக்கு யார் ஓட்டறா?"

"கேப்டன் சுவாங். தைபேயிலேர்ந்து வந்திருக்கார். துணைக்கு உங்க மருமகன்."

"மாரெங்கா? அப்ப சரி."

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "மாமா, அந்தக் கேப்டன் பரீட்சை வைக்க வந்திருக்கார். மாரெங் இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லியாகணும். ஜாக்கெட் சமாசாரத்தையும் சேர்த்து. சொல்லலன்னா அவன் வேலை போயிடும்."

அவர் தராசில் கால் மாற்றி நின்றார். முள் நடுங்கி நின்றது.

"மத்தவங்க சொல்றாங்களே, அதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்றேன்.

"அவங்க எதையோ சொல்றாங்க. என்கிட்ட சொல்றதில்ல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "என் படகுல உக்கார்ற ஆள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னா அது வேற."

"சொன்னா என்ன ஆகும்?"

"நம்ம ஆள் வாயால அந்த வார்த்தையைக் கேட்டுட்டு அதே பயணமா கடலைத் தாண்டினவன் இந்தப் பருவம் முழுக்கப் படகைத் தொடக் கூடாது."

"சொன்னவன்?"

இந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவருக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று பதில் வந்தது.

"நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா, அவனும்தான். அதனால அவன் சொல்ல மாட்டான்."

பயணிகளை ஓடுபாதை ஓரமாக வரிசையில் அழைத்துப் போனேன். வெயில் அடித்தாலும் காற்று ஈரமாக இருந்தது. எல்லாரும் படியேறி, தலையைக் குனிந்து உள்ளே போனார்கள். சினான் யாபெத் ஐந்தாவது வரிசை, அவளுக்கு நேர் எதிர்ப்பக்கத் தனி இருக்கையில் சியாமன் கலிதொங். மூன்று சுற்றுலாப் பயணிகளைத் தவிர மற்ற எல்லாரும் தீவுக்காரர்கள். நான் பின்படியில் நின்றேன். விமானி அறைக்கு அங்கே கதவு கிடையாது, ஒரு திரைதான். அதை ஒதுக்கிக் கட்டிவிட்டு, கேப்டன் சுவாங் இடது இருக்கையிலிருந்து உடம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடைமேல் ஓர் அட்டை, பேனா.

மாரெங் முன்னால் குனிந்து நின்றான். உயரமானவன், கழுத்தை மடக்கித்தான் நிற்க முடியும்.

"ஏய், இன்னும் பேரு மாறலயா உனக்கு?" என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள். "உன் வயசுல என் மவனுக்கு மூணு."

"ஆகாசத்துல பொண்ணு கிடைக்கலயாம்," என்றாள் இன்னொருத்தி. வழக்கமான சிரிப்பு. மாரெங்கும் வழக்கமாகச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

மாண்டரினில் தொடங்கினான். வரவேற்பு, பறக்கும் நேரம், பெல்ட். பெல்ட்டைப் பூட்டிக் காட்டினான், பிரித்துக் காட்டினான். அவசரக் கதவுகளைக் கை நீட்டிக் காட்டினான். சுவாங்கின் பேனா ஒவ்வொன்றுக்கும் அசைந்தது. பிறகு மஞ்சள் ஜாக்கெட்டைக் கையில் எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து சினான் யாபெத் குனிந்து சீட்டுக்கு அடியில் துழாவினாள். கையை இன்னும் உள்ளே விட்டாள். நிமிர்ந்தாள்.

"மாரெங், என் பாக்கு எங்கடா?"

யாரோ சிரித்தார்கள். அவள் கையில் மடித்த ஜாக்கெட் இருந்தது. காலையில் அவன் திரும்ப வைத்தது. அதைச் சன்னலோரம் சொருகப் போனாள், பாத்திரம் கழுவும் துணியை ஓரம் வைப்பது போல.

மாரெங் அவளைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை எதிர்ப்பக்கம் போனது. மாமா நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாண்டரினில் வேகமாகச் சொல்லி முடித்திருக்கலாம். அதற்கே சுவாங் டிக் போட்டிருப்பார். அறிக்கையில் குறை இருந்திருக்காது. மாமாவின் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த இடைவெளியில் அவனுக்கு இதெல்லாம் தோன்றியதா என்று நான் பிறகு கேட்கவில்லை. அவன் அட்டையில் உள்ளபடி மாண்டரினில் ஒரு முறை சொன்னான், நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. அடுத்துத் தீவுப் பேச்சில் சொன்னான். பதினோரு வருடத்தில் எனக்கும் அந்தப் பேச்சு புரியும்.

"அத்தை, அதைச் சொருகாதீங்க. எல்லாரும் கேளுங்க. நம்ம விமானம் கடல்ல இறங்க வேண்டி வந்தா, உங்க சீட்டுக்கு அடியில இருக்கற பையில கையை விட்டு இதை எடுங்க. இப்படித் தலையில மாட்டுங்க. இந்த வாரை இடுப்பைச் சுத்திக் கொண்டு வந்து இங்க பூட்டுங்க. உள்ள இருக்கும்போது இந்தச் சிவப்பை இழுக்காதீங்க, உப்பிக்கிட்டு வெளிய வர முடியாது. கதவைத் தாண்டின பிறகு இழுங்க. அந்தப் பை இதுக்குத்தான். பாக்கு வைக்கறதுக்கு இல்ல."

சீண்டிய பெண்கள் மடியைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் உள்ளங்கையை வாய்மேல் வைத்துக்கொண்டார். சுற்றுலாப் பயணி ஒருத்தி மட்டும் கைப்பேசியில் படம் எடுத்தாள். சினான் யாபெத் கையிலிருந்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, சிவப்புப் பிடியைத் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தொடாமல் விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து பைக்குள் திரும்ப வைத்தாள்.

சியாமன் கலிதொங் பெல்ட்டைப் பிரித்துவிட்டு எழுந்தார்.

அவசரப்படவில்லை. மேலே வைத்த பையை எடுத்தார். வரிசை வரிசையாகக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு பின்பக்கம் வந்தார். நான் வழிவிட்டேன். படியில் இறங்கித் தரையில் நின்றார்.

"என்ன ஆச்சு?" என்று முன்னாலிருந்து கேப்டன் சுவாங் கேட்டார். "உடம்பு சரியில்லையா?"

"இறங்கறார்," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாரெங் நடைவழியில் பின்னால் வந்து கதவருகே நின்றான். ஜாக்கெட்டை இன்னும் கையில் வைத்திருந்தான். மாமா கீழே, மருமகன் மேலே. நான் நடுவில், எடைத்தாளோடு.

"மாமா, மதியம் விமானம் இல்ல. காத்து ஏறும்."

"கப்பல் இருக்கும்."

"இந்தக் காத்துல கப்பல் விடறாங்களோ என்னவோ."

"விட்டா போறேன். விடலன்னா அங்க இருக்கறவங்க பார்த்துக்குவாங்க." கையைத் தூக்கி வெயிலை மறைத்துக்கொண்டார். "யாபெத்தோட பாக்கை நீதான் எடுத்தியா?"

"ஆமா."

"ஜாக்கெட் எங்க கிடந்துச்சு?"

"சீட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல."

அவர் தலையை ஆட்டினார். சாயங்காலம் வலையைப் பிரித்துப் பார்த்து ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் போல.

"நீ சொன்னது தப்பு இல்ல," என்றார். "நான் இறங்கறதும் தப்பு இல்ல. நாளைக்கு நீ வர வேணாம்."

"தெரியும் மாமா. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் கூடத்தை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அறுபத்தெட்டு கிலோ குறைந்துவிட்டது. எடைத்தாளை அடித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. நான்காவது வரிசைப் பெரியவரை அந்தக் காலி இருக்கைக்கு நகர்த்தினேன். கேப்டன் சுவாங் கையெழுத்துப் போட இறங்கி வந்தார். முறைப்படி அவர் வர வேண்டியதில்லை.

"அந்த ஆள் ஏன் இறங்கினார்? பயந்துட்டாரா?"

"கடல்ல ஐம்பது வருஷமா போறவர் கேப்டன்." முடிந்த அளவு சுருக்கமாகச் சொன்னேன். மாரெங் தீவுப் பேச்சில் சொன்னது, பாக்கு, படகு, பருவம், மீனைக் கூப்பிடும் நாள், மூன்றாவது துடுப்பு. அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கையெழுத்துப் போடாமல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தாறு வருஷமா இந்த விளக்கத்தை நானும் சொல்லியிருக்கேன், மத்தவங்க சொல்றதையும் பார்த்திருக்கேன். பேப்பர் படிப்பாங்க. தூங்குவாங்க. ஒருத்தராவது கேட்டு, அதை நம்பி, எழுந்து ஒரு காரியம் செஞ்சு பார்த்ததே இல்ல." கையெழுத்துப் போட்டார். "இன்னிக்குத்தான் பார்த்தேன்."

கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். கதவைச் சாத்தினேன்.

அவருடைய அறிக்கை இரண்டு வாரம் கழித்து வந்தது. மாரெங் தேர்ச்சி. கீழே ஒரு குறிப்பு மட்டும்: 'பாக்கு தொடர்பாக ஒரு வாக்கியம், அனுமதிக்கப்பட்ட வாசகத்தில் இல்லாதது. நீக்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.' என்னுடைய பழைய டிக்குகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் நானே ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அதற்கு ஓர் எச்சரிக்கை வந்தது. நியாயமானதுதான்.

அன்று பிற்பகல் விமானம் ரத்தானது. கப்பல் இரண்டு மணிக்குப் புறப்பட்டது, அந்த வாரத்தில் அது ஒன்றுதான் போனது. கப்பலிலும் உயிர்காப்பு உடை பற்றி ஒரு படம் ஓடும். சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், அதன் எதிரே ஆட்கள் வாந்திப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பது வருடம் படகு வலித்த சியாமன் கலிதொங் தீவு வரும்வரை வாந்தி எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்தவன் ஓட்டும் கப்பல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் கதவைத் திறந்தபோது மாரெங் சீருடையில் வாசலில் நின்றான். மேசை இழுப்பறையிலிருந்து அவனுடைய விடுப்புச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம், ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்தோம். அன்றிலிருந்து அப்படித்தான் பார்க்கிறோம். அவன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். அந்த நேரத்துக்குத் தீவில் படகுகள் கரையில் வரிசையாக நின்றிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து சினான் யாபெத் ஊசிக்கு வந்தாள். திரும்பும்போது தராசில் ஏறினாள். கையால் முள்ளை மறைக்க மறந்துவிட்டாள்.

"அறுபத்தொம்பது. நல்லா இறங்கியிருக்கு அத்தை."

"பாக்கு விட்டுட்டேன்ல. பாக்குதான் கனம்." குரலைத் தாழ்த்தினாள். "மாரெங் இருக்கானா?"

"விமானத்துல இருக்கான்."

"அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத. அன்னிக்குப் பத்துப் பேர் படகுல ஒன்பது பேர்தான் போனாங்க. என் தங்கச்சி மவன் வர்றேன்னு நின்னான், நல்லா வலிப்பான். கலிதொங் அப்பன் வேணாம்னுட்டார். மூணாவது இடத்தைச் சும்மா விட்டுட்டு, அந்தத் துடுப்பைக் குறுக்கே கட்டி வச்சுட்டுப் போனார். பருவம் முடியற வரைக்கும் அப்படித்தானாம்."

"ஒன்பது பேர் வலிச்சா படகு ஒரு பக்கம் இழுக்காதா?"

"இழுக்கத்தான் இழுக்குது. திட்டிக்கிட்டே வலிக்கறாங்க."

அவளுக்கு ஐந்தாவது வரிசைச் சன்னலைக் கொடுத்தேன். விமானத்தில் ஏற்றிவிட்டு, எடைத்தாளோடு பின்படியில் நின்றேன். மாரெங் கழுத்தை மடக்கி நின்று தொடங்கினான். மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்ததும் பாதிப் பேர் வழக்கம்போல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சினான் யாபெத் திரும்பவில்லை. கையைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவன் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.